வடசென்னையில் இரட்டை இலை 2026ல் ஒரு தொகுதியாவது எடுக்குமா?

கொருக்குப்பேட்டை கேட் (கேள்வி, ஆகஸ்ட் 2025)

வணக்கம். கட்சிச் சண்டை மூட்டுவதற்காகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் நடக்கிற வாக்குவாதத்துக்கு ஒரு முடிவு வேண்டும்.

என் பாட்டி எம்ஜிஆர் காலத்திலிருந்து இலைக்குத்தான் குத்துகிறார். வேட்பாளர் யார் என்று கேட்டதே இல்லை. 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் மட்டும் தினகரனின் குக்கருக்குப் போட்டுவிட்டு, "அதுவும் நம்ம அம்மா ஆளுங்கதானேடா" என்று சமாதானம் சொன்னார். அப்பா சூரியன். நான் 2021ல்தான் முதல் ஓட்டு போட்டேன். யாருக்கு என்று சொல்ல மாட்டேன், அப்பா இங்கே வந்து படிப்பார்.

போன மாதம் எடப்பாடி மேட்டுப்பாளையத்தில் சுற்றுப்பயணத்தைத் தொடங்கியதிலிருந்து பாட்டிக்கு ஒரே உற்சாகம். டிவியில் கூட்டத்தைக் காட்டினால் போதும், "இந்த வாட்டி நம்மளுதுதான்" என்கிறார். அப்பா உடனே, "கோயம்புத்தூர்ல கூட்டம் வரும். மின்ட்டுக்கு இந்தப் பக்கம் டெபாசிட்டைப் பாத்துக்கச் சொல்லு" என்பார். அப்புறம் ரசம் ஆறிப்போகும்.

எனக்குத் தெரிந்தவரை அப்பா பக்கம்தான் கணக்கு நிற்கிறது. 2021ல் சென்னையின் 16 தொகுதியும் திமுக கூட்டணிக்குப் போயின. 2022 மாநகராட்சித் தேர்தலில் 200 வார்டில் அதிமுக ஜெயித்தது 15தான். 2024ல் வடசென்னை நாடாளுமன்றத் தொகுதியில் திமுகவின் கலாநிதி வீராசாமி 3 லட்சத்து 39 ஆயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஆனால் இதே ஆர்.கே. நகரில்தான் 2015லும் 2016லும் ஜெயலலிதா நின்று ஜெயித்தார். பத்து வருஷத்துக்குள் இப்படி ஆனதற்கு என்ன காரணம்? தலைவர் இல்லாததா, பாஜக கூட்டணியா, இல்லை வேறு ஏதாவதா? 2026ல் இங்கே ஏதாவது ஒரு தொகுதியிலாவது நிஜமான வாய்ப்பு இருக்கிறதா? களத்தில் வேலை பார்த்தவர்கள் சொன்னால் நல்லது. யூடியூபில் பேசுகிறவர்கள் சொல்வதை நானும் கேட்கிறேன், தயவுசெய்து அதையே இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

---

படிவம் இருபது

முதலில் "வடசென்னை எப்போதுமே திமுக கோட்டை" என்ற பேச்சு. நாடாளுமன்றத் தேர்தலுக்கு அது பெரும்பாலும் சரி. 2014ல் அதிமுகவின் வெங்கடேஷ் பாபு ஜெயித்ததெல்லாம் விதிவிலக்கு. சட்டமன்றத்துக்கு அவ்வளவு சரியில்லை. ராயபுரத்தில் ஜெயக்குமார் 1991ல் ஜெயித்தார், 1996ல் தோற்றார், 2001 முதல் 2016 வரை நான்கு தேர்தலிலும் ஜெயித்தார். கொளத்தூரில் 2011ல் ஸ்டாலின் சைதை துரைசாமியை வெறும் 2,734 ஓட்டில்தான் தாண்டினார். பெரம்பூரில் 2016ல் அதிமுகவின் வெற்றிவேல் 519 ஓட்டில் ஜெயித்தார். அப்போது உதயசூரியனில் நின்று தோற்ற என்.ஆர். தனபாலன், 2021ல் அதே பெரம்பூரில் இரட்டை இலையில் நின்று தோற்றார். அரசியலில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடலாம், ஆனால் அந்தத் தொகுதியில் அதிமுகவுக்குச் சொந்தமாக ஆள் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

இப்போது 2021. ராயபுரத்தில் ஜெயக்குமார் திமுகவின் ஐட்ரீம் மூர்த்தியிடம் 27 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். கொளத்தூரில் வித்தியாசம் 70 ஆயிரத்தைத் தாண்டியது. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது திருவொற்றியூரைத்தான். அங்கே சீமான் வாங்கியது 48,597. இரண்டாம் இடம் வந்த அதிமுகவின் குப்பனுக்கும் அவருக்கும் நடுவே இரண்டாயிரம் ஓட்டுக்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் சறுக்கியிருந்தால் அப்போதைய ஆளுங்கட்சியே மூன்றாம் இடத்தில் இருந்திருக்கும்.

"பாஜகவோடு சேர்ந்தாச்சு, இனிமேல் கூட்டிப் பாருங்க" என்று சிலர் சொல்வார்கள். சரி, கூட்டுவோம். 2024ல் அதிமுகவின் ராயபுரம் மனோ வாங்கியது ஏறக்குறைய 1.58 லட்சம். பாஜகவின் பால் கனகராஜ் 1.13 லட்சம். இரண்டையும் சேர்த்தாலும் கலாநிதிக்கு இரண்டேகால் லட்சம் குறைகிறது. அதுவும் ஒரு ஓட்டுகூடச் சிந்தாமல் கூடினால்.

பாட்டிக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம். 1996ல் அதிமுக நான்கே இடம், ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார், 2001ல் ஆட்சி. திமுகவும் 2011ல் 23 இடம், 2014 நாடாளுமன்றத்தில் பூஜ்யம், ஆனால் 2016ல் 89 இடம். விழுந்த கட்சி எழுவது தமிழ்நாட்டில் புதுசு இல்லை.

---

தையல் மெஷின்

தம்பி, உங்கள் பாட்டி வயசுக்காரர்களைத்தான் நான் பூத்துக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தேன், அதனால் எழுதுகிறேன். எனக்குத் தண்டையார்பேட்டையில் சின்னத் தையல் கடை. ஜாக்கெட், சுடிதார், ஜூன் மாதம் ஸ்கூல் யூனிஃபார்ம். கட்சியில் பெரிய பொறுப்பெல்லாம் கிடையாது. மகளிரணியில் பேர் இருந்தது, தேர்தல் நாளில் இலைக்குப் பூத் ஏஜென்டாக உட்காருவேன். இப்போது உட்காருவதில்லை.

மேலே கணக்குப் போட்டவர் நன்றாகவே போட்டிருக்கிறார். ஆனால் அந்த எண்கள் எப்படி உண்டாகின்றன என்று சொல்கிறேன், அப்போதுதான் உங்கள் கேள்விக்குப் பதில் வரும்.

ஓட்டுப்பதிவு காலை ஏழு மணிக்கு என்றால், ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். எங்கள் முன்னால் கொஞ்சம் ஓட்டு போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டு, மெஷினுக்கு சீல் வைப்பார்கள். ஏஜென்ட்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் வேலை ஒன்றுதான்: அலுவலர் பேரும் வரிசை எண்ணும் படிக்கப் படிக்கப் பட்டியலில் டிக் அடிப்பது. வெளியே பந்தலில் சிலிப் எழுதிக் கொடுக்கிறவர்களும் தனியாக ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். ஒரு பாகத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர். மதியம் மூன்று மணிக்கு மாற்று ஏஜென்டை உள்ளே உட்கார வைத்துவிட்டு நான் வெளியே வருவேன். பந்தல் பட்டியலைப் பார்த்தால் டிக் இல்லாத பேர்கள் தெரியும். அந்த நேரம்தான் தேர்தல்.

ஏன் என்றால், அந்தப் பேர்களில் யார் நம்ம ஓட்டு, அவர்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு அம்மாவுக்கு மாடிப்படி இறங்க முடியாது, பேரனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இன்னொருவரின் அடையாள அட்டை மருமகளின் பீரோவில் இருக்கிறது, மருமகள் வேலைக்குப் போயிருக்கிறாள். இன்னொரு வீட்டில் கோபம்: மாமனார் செத்தபோது கட்சியிலிருந்து யாரும் மாலை கொண்டு வரவில்லை. சாவு வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை எங்கள் பக்கத்தில் வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள். அந்த வீட்டு வாசலில் போய் நின்று, திட்டு வாங்கி, டீ குடித்து, கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். இதை டிவி விளம்பரம் செய்யாது, சென்னைக்கு வெளியே நடக்கிற பொதுக்கூட்டமும் செய்யாது.

அம்மா இருந்தவரைக்கும் இந்த வேலை கொஞ்சம் குறைந்தாலும் தெரியாது. முகத்தைப் பார்த்தே பாதிப் பேர் தானாக வந்துவிடுவார்கள். 2016 டிசம்பருக்கு அப்புறம்தான் பள்ளம் தெரிந்தது. 2017 இடைத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். ஒரு பந்தலில் இலைக்கொடி, நாலு கடை தள்ளி இன்னொரு பந்தலில் குக்கர். இரண்டிலும் உட்கார்ந்திருந்தது அதற்கு முந்தின தேர்தலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிலிப் எழுதியவர்கள். தினகரன் 89,013, எங்கள் மதுசூதனன் ஐயா 48,306, திமுகவுக்கு டெபாசிட் போச்சு. இருபது ரூபாய் நோட்டு டோக்கன் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சில் எல்லோரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்கள்: இரண்டு தரப்புக்கும் போன ஓட்டைக் கூட்டினால் ஒன்றே முக்கால் லட்சம் ஓட்டு பதிவான தொகுதியில் முக்கால்வாசி அது. அந்த ஓட்டு செத்துப்போகவில்லை. அதைக் கூட்டி வருகிற ஆட்கள்தான் சிதறிப்போனார்கள். சிலர் தினகரனின் அமமுகவோடு போனார்கள், சிலர் சத்தமில்லாமல் திரும்பி வந்தார்கள், நிறையப் பேர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். வெற்றிவேல் 2020ல் இறந்தார். மதுசூதனன் ஐயா 2021ல் போய்ச் சேர்ந்தார். ஆர்.கே. நகரில் இரண்டு தடவை இலையில் ஜெயித்த சேகர்பாபு இப்போது திமுக அமைச்சர், அவர் போனபோது கூடவே எத்தனை தெரு போயிற்று என்று பழைய ஆட்களைக் கேளுங்கள்.

இன்னொரு பக்கம், பட்டியலே கரைகிறது. இலைக்கு இங்கே அடிப்படை ஓட்டு வயசான பெண்கள். வருஷா வருஷம் அதில் குறைகிறது. கால்வாய்க் கரையில் இருந்தவர்களில் பல குடும்பங்களைப் பெரும்பாக்கம் பக்கம் அனுப்பிவிட்டார்கள். பேர் இங்கே இருக்கும், ஆள் அங்கே இருப்பார். ஓட்டு போட ஊரின் இந்த முனைக்கு வர வேண்டும், கூலி வேலையை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

சரி, இருக்கிற பெண்கள்? அம்மா காலத்தில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, தாலிக்குத் தங்கம், ஒரு ரூபாய் இட்லி. அதை யாரும் மறக்கவில்லை. ஆனால் என் கடையில் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இலைதான் என்று சத்தியம் செய்கிற ஒரு அக்கா, ரெண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு, "பதினஞ்சாம் தேதிக்கு மேல வாங்கிக்கிறேன்" என்றார். எதற்கு என்று கேட்கவே வேண்டாம், உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அப்போதுதான் விழும். வந்து வாங்கும்போது போனைத் திறந்து மெசேஜை என்னிடமே படிக்கச் சொன்னார், வந்துவிட்டதா என்று. படித்தேன். தையல் கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறிப் போனார், டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அவரிடம் போய் நான் என்ன சொல்லி ஓட்டுக் கேட்பது? "நாங்க வந்தா கூடக் கொடுப்போம்" என்றால், "அவங்க இப்பவே கொடுக்கிறாங்களே" என்பார்.

ஆளுங்கட்சி மேல் கோபமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. இந்த மாதம் மாநகராட்சியின் ரிப்பன் கட்டிடத்துக்கு முன்னால் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்கள் யார்? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத்து ஜனங்கள். குப்பை அள்ளுகிற வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 1ஆம் தேதியிலிருந்து 13ஆம் தேதி ராத்திரி போலீஸ் தூக்கும்வரை இருந்தார்கள். அதில் எங்கள் தெருப் பெண்களும் உண்டு. எல்லாக் கட்சியும் ஆதரவு சொன்னது, எங்கள் கட்சியும் கண்டித்தது. ஆனால் அந்தப் பெண்கள் திரும்பி வந்தபின் தண்ணீர் லாரிக்கிட்டே நின்று பேசும்போது காதில் விழுகிற பேர் விஜய். பனையூரில் இருக்கிற தன் கட்சி ஆபீசுக்கு அவர்களைக் கூப்பிட்டுப் பேசினாரே, அதுதான். முன்னெல்லாம் சூரியன் மேல் கோபம் என்றால் அது நேராக இலைக்கு வரும், நடுவில் வேறு கதவு கிடையாது. 2017ல் குக்கர், 2021ல் திருவொற்றியூரில் சீமான், இப்போது இவர். தலைவர், கூட்டணி எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

---

காசிமேடு வார்ப்பு

அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் கூட்டணியைப் பின்னால் தள்ளியதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ராயபுரத்தில் அதுதான் முன்னால்.

எங்கள் தெருவில் சர்ச், அடுத்த தெருவில் பள்ளிவாசல். ஜெயக்குமார் எங்கள் மீனவ சமூகத்து ஆள். கல்யாணம், காது குத்து, கருமாதி எதற்கும் வருவார், தோற்ற பிறகும் வருகிறார். 2016ல் அவருக்கு எட்டாயிரம் சொச்சம் ஓட்டு முன்னிலை. அதில் பாய்மார்கள் ஓட்டும் கிறிஸ்தவர்கள் ஓட்டும் இருந்தன. 2021ல் அதே ஆட்கள், "உனக்குப் போடலாம்ணே, உன் பக்கத்துல நிக்கிறவருக்கு எப்படிப் போடறது" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். பாஜக கூட்டணியால்தான் தோற்றோம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னதுதானே. 2023 செப்டம்பரில் பிரிந்தார்கள், சரி, வழி பிறந்தது என்று பார்த்தால், இந்த ஏப்ரலில் அமித் ஷா வந்து மறுபடி சேர்த்துவிட்டுப் போய்விட்டார்.

கோபத்துக்கு இங்கேயும் குறைவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்ததே, நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் சொந்தக்காரர்கள் வலையையும் படகையும் கழுவிக் கழுவி ஓய்ந்தார்கள். அதே மாதக் கடைசியில் அமோனியா கசிவு. அப்போதெல்லாம் ஆளுங்கட்சிக்காரர்களை நாங்கள் கேட்காத கேள்வி இல்லை. ஆனால் 2024ல் ஓட்டு போடும்போது டெல்லியில் யார் என்பதைப் பார்த்துத்தான் போட்டோம்.

---

சின்ன அணிலு

பெரியவங்களுக்கு வணக்கம். இலையா சூரியனா என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் வியாசர்பாடியில் முதல் ஓட்டு போடப் போகிற பசங்களைக் கேட்டுப் பாருங்கள். 21ஆம் தேதி விஜய்யின் மதுரை மாநாட்டுக்கு ஒரு ஏரியாவிலிருந்தே வண்டி கட்டிப் போனோம். இலை மூன்றாவது இடம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

தையல் மெஷின்

@சின்ன அணிலு: எழுதி வைத்தாச்சு கண்ணு. மதுரைக்கு வண்டி கட்டிய பசங்களில் எத்தனை பேர் காலை ஐந்தரைக்குப் பூத்துக்கு வந்து, சாயங்காலம்வரை பாத்ரூம் போகக்கூட ஆள் மாற்றிவிட்டு உட்காருவார்கள் என்று இப்போதே பார்த்து வை. எங்களுக்கு இல்லாமல் போனதே அதுதான், உங்களுக்கு இன்னும் வரவே இல்லை.

---

கொருக்குப்பேட்டை கேட்

எல்லோருக்கும் நன்றி. அக்கா, சூரியன் பக்கம் மட்டும் அந்த ஆட்கள் எப்படி இருக்கிறார்கள்? அப்புறம், தொகுதி வாரியாக உங்கள் மனசில் இருப்பதைச் சொல்லுங்களேன். அப்பாவிடம் ஒரு பிரியாணிக்குப் பந்தயம் கட்டலாமா என்று பார்க்கிறேன்.

---

தையல் மெஷின்

ஆட்சியில் இருந்தால் ஆட்கள் இருப்பார்கள், அதில் ரகசியம் ஒன்றுமில்லை. போன மாதம் "ஓரணியில் தமிழ்நாடு" என்று வீடு வீடாக வந்தார்களே, எங்கள் சந்துக்கும் வந்தார்கள். ரெண்டு பெண்கள், ஒரு பையன், கையில் போன், அதில் செயலி. நான் இலை என்று தெரியும், இருந்தும் உள்ளே வந்து உட்கார்ந்து, "அக்கா, வீட்டுல யாருக்காவது உரிமைத் தொகை வராம இருக்கா, முகாம்ல மனு கொடுக்கலாம்" என்று கேட்டார்கள். உறுப்பினர் சேர்க்கை என்பது பேர்தான். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யாருக்கு என்ன குறை என்று பாகம் பாகமாக எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் கால் நூற்றாண்டு மனசுக்குள் வைத்திருந்த பட்டியலை அவர்கள் போனில் ஏற்றிவிட்டார்கள். பார்த்தபோது வயிறு எரிந்தது, ஆனால் வேலை என்றால் அது வேலை.

தொகுதி கேட்டீர்கள். கொளத்தூரை விடுங்கள், முதலமைச்சர் தொகுதி. 2,734 எல்லாம் பழைய கதை. திரு.வி.க. நகர் மேயர் ஊர், தனித் தொகுதி. தூய்மைப் பணியாளர் கோபம் அங்கே அதிகம், ஆனால் அது பிரிந்துதான் விழும்.

ராயபுரம்தான் ஒரே நிஜமான வாய்ப்பு, அதுவும் ஜெயக்குமார் நின்றால். கட்சிக்காக இல்லை, அவர் முகத்துக்காக. கூட்டணியை மீறி அந்த முகம் எத்தனை ஓட்டு இழுக்கும் என்று காசிமேட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். நான் தோல்வி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் 27 ஆயிரம் அளவுக்கு இருக்காது.

ஆர்.கே. நகரில் அம்மா பேருக்கு இன்னும் கண் கலங்குகிற வீடுகள் உண்டு. மூன்று முனைப் போட்டி சரியாக அமைந்து, ஏரியாவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு ஆளை, முடிந்தால் ஒரு பெண்ணை, ஜனவரியிலேயே அறிவித்து தெருவில் இறக்கிவிட்டால் பார்க்கலாம். மனுத்தாக்கலுக்கு நாலு நாள் முன்னால் வெளியே இருந்து ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினால் இரண்டாம் இடமே கஷ்டம்.

திருவொற்றியூரில் குப்பனுக்கு 2011ல் ஜெயித்த பேர் இருக்கிறது, ஆனால் அங்கே சண்டை இரண்டாம் இடத்துக்குத்தான். பெரம்பூரை மறுபடி ஏதாவது குட்டிக் கூட்டணிக் கட்சிக்குத் தள்ளிவிட்டால் பேசவே வேண்டாம். சொந்த ஆள் நிற்காத இடத்தில் பூத்துக்கு யார் உட்காருவார்?

பிரியாணிப் பந்தயம் கட்டுவதாக இருந்தால் "ஒரு தொகுதி ஜெயிக்கும்" என்று கட்டாதீர்கள். "ராயபுரத்தில் வித்தியாசம் பாதியாகக் குறையும்" என்று கட்டுங்கள், அப்பா யோசிக்காமல் ஒத்துக்கொள்வார். கடையில் ஆள் நிற்கிறார்கள், அப்புறம் வருகிறேன்.